கேமராவிலிருந்து கம்பியில்லாமல் படம்: கடைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

மூட்டையில் குத்தூசி போட்டு ஒரு கை அரிசியை எடுத்துப் பார்த்து விலை பேசுவது நம் தொழிலில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பாகவே சரக்கின் படம் செல்போனில் வந்து விழுந்துவிடுகிறது. வத்தலின் நிறம், பருப்பின் பருமன், புதிதாக வந்த பாக்கெட்டின் லேபிள், லாரியிலிருந்து இறங்கிய சரக்கின் சேதாரம் என எல்லாமே முதலில் படமாகத்தான் கைமாறுகின்றன. எனவே படம் எடுப்பதும், அதைச் சரியாகக் கொண்டு சேர்ப்பதும், பத்திரப்படுத்துவதும் இன்று கடை வேலையில் ஒரு பகுதி ஆகிவிட்டன.

செல்போனிலேயே கேமரா இருக்கும்போது தனிக் கேமரா எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாளைக்கு நாலைந்து படம் எடுத்து வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் சில்லறைக் கடைக்குச் செல்போனே போதும். அவர்கள் தனிக் கேமராவுக்குப் பணம் போட வேண்டியதில்லை. ஆனால் சொந்தமாக மசாலா, அப்பளம், எண்ணெய் பாக்கிங் செய்பவர்கள், நூற்றுக்கணக்கான அயிட்டங்களுக்கு விலைப்பட்டியல் தயாரிக்கும் மொத்த வியாபாரிகள், இணையம் வழியாக விற்பவர்கள் ஆகியோர் நல்ல டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்கள். லேபிளில் உள்ள பொடி எழுத்தும் சரக்கின் உண்மையான நிறமும் அதில் தெளிவாக விழும். இணையத்தில் விற்கும் பாக்கெட் பொருள்களுக்கு நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் பெயர், முகவரி முதலிய விவரங்களையும் காட்ட வேண்டும் என்பது 2018 ஜனவரி முதல் எடை அளவுச் சட்ட விதிகளில் உள்ளது. லேபிள் படம் தெளிவாக இருந்தால் இந்த விவரங்களைப் பிழையில்லாமல் எடுத்து எழுதலாம்.

இவர்களுக்கு வரும் சங்கடம் ஒன்றுதான். படம் கேமராவுக்குள் இருக்கிறது. அனுப்ப வேண்டிய செல்போனோ கம்ப்யூட்டரோ வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மெமரி கார்டைக் கழற்றி மாட்டுவது தொல்லை. கார்டு தொலைகிறது, தகடு தேய்கிறது, பையன் பாண்ட் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். இதற்கு மாற்றாக வந்ததுதான் கம்பியில்லாமல் படம் அனுப்பும் முறை. அதன் நன்மை என்ன, குறை என்ன, எங்கே ஏமாந்துவிடக் கூடாது என்பதைப் பார்ப்போம்.

டிரான்ஸ்மிட்டர் வந்த கதை

கேமராவிலிருந்து கம்பியில்லாமல் படம் அனுப்பும் கருவியை முதலில் விரும்பி வாங்கியவர்கள் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள். மைதானத்தில் பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே படம் ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அவர்களுடைய அவசரம். 2003-ஆம் ஆண்டு நிக்கான் கம்பெனி டி2எச் என்ற கேமராவை அறிவித்தபோது, அதனுடன் சேர்த்து மாட்டிக்கொள்ள டபிள்யூ.டி.-1 என்ற டிரான்ஸ்மிட்டரையும் கொண்டு வந்தது. அந்தக் கேமராவின் படம் 4 மெகாபிக்சல் அளவுதான். அதனால் அன்றைய மெதுவான வைஃபையிலும் சமாளிக்க முடிந்தது. கேனன் கம்பெனியும் இதே போன்ற கருவியை அடுத்துக் கொண்டு வந்தது. 2005-இல் வைஃபை உள்ளேயே பொருத்தப்பட்ட சிறு கேமராக்கள் கடைக்கு வந்தன. 2007-இல் ஐ-ஃபை என்ற பெயரில், மெமரி கார்டுக்குள்ளேயே வைஃபை அடங்கிய கார்டு ஒன்று வந்தது. பழைய கேமராவில் இந்தக் கார்டைப் போட்டாலே படம் தானாகக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும்.

இன்று புதிதாக விற்கும் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் வைஃபையும் புளூடூத்தும் உள்ளேயே இருக்கின்றன. தனி டிரான்ஸ்மிட்டர்கள் இன்னும் விற்பனையில் உள்ளன என்றாலும் அவை பத்திரிகைத் துறைக்கும் பெரிய ஸ்டூடியோக்களுக்கும் ஆனவை. அவற்றின் விலை ஒரு நல்ல கேமராவின் விலையை நெருங்கும். நம் கடைக்கு அவை தேவையில்லை. கையில் இருக்கும் கேமராவின் மெனுவில் வைஃபை என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலரிடம் அது இருக்கும். திறந்து பார்க்காமலே இருப்பார்கள்.

மூன்று வழிகள்

கம்பியில்லாமல் படம் போகும் வழிகள் மூன்று.

முதல் வழி, கேமராவே ஒரு சிறிய வைஃபை நிலையமாக மாறுவது. செல்போன் அதனுடன் இணைகிறது. கேமரா கம்பெனியின் செயலியைப் போனில் போட்டுக்கொண்டு, வேண்டிய படங்களைத் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். கடையில் இணைய வசதி இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேமராவுடன் இணைந்திருக்கும் நேரத்தில் சில போன்களில் இணையம் நின்றுவிடும். கல்லாவில் யூ.பி.ஐ. பணம் வந்ததா என்று பார்க்கும் போனைக் கேமராவோடு இணைத்துவிட்டால், வாடிக்கையாளர் பணம் போட்டும் தகவல் வராமல் வாக்குவாதம் வரும். படத்துக்கு வேறொரு போனை வைத்துக்கொள்வதே நல்லது.

இரண்டாவது வழி, கடையில் ஏற்கெனவே உள்ள வைஃபை ரூட்டரோடு கேமராவை இணைப்பது. கம்ப்யூட்டரும் அதே ரூட்டரில் இருந்தால், எடுக்க எடுக்கப் படம் கம்ப்யூட்டரில் வந்து சேரும்படி பல கேமராக்களில் வைத்துக்கொள்ளலாம். விலைப்பட்டியலுக்காக ஒரே நாளில் 50, 100 அயிட்டங்களைப் படம் எடுப்பவர்களுக்கு இது வசதி. பெரிய திரையில் உடனே பார்த்து, மங்கலான படத்தை அப்போதே மறுபடி எடுத்துவிடலாம்.

மூன்றாவது வழி எஃப்.டி.பி. என்ற முறை. கேமரா தானாகவே தூரத்தில் உள்ள ஒரு கம்ப்யூட்டருக்குப் படத்தை அனுப்பும். இந்த எஃப்.டி.பி. முறையின் முதல் வடிவத்தை 1971-இல் எழுதியவர் அபய் பூஷண் என்ற இந்தியர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தபோது அவர் எழுதியது இது. பத்திரிகைகள் இன்றும் இதைப் பயன்படுத்துகின்றன. இரண்டு மூன்று கிளைகளும் தனியாகக் கணக்கு ஆபீசும் வைத்திருக்கும் மொத்த வியாபாரிக்கு இது பயன்படலாம், மற்றவர்களுக்கு அவசியமில்லை.

புளூடூத் தனியாக ஒரு வழி என்று சிலர் நினைக்கிறார்கள். அது குறைந்த மின்சாரத்தில் கேமராவையும் போனையும் தொடர்பில் வைத்திருக்க உதவும். பெரிய படங்களை அனுப்ப அதற்கு வேகம் போதாது. பெரிய படம் வேண்டும் என்றால் வைஃபை எழுந்து வந்தாக வேண்டும்.

நேரக் கணக்கு

வியாபாரிக்கு நேரமும் பணம்தான். ஆகவே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த ஒரு ஜேபெக் படம் சுமார் 10 எம்.பி. இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 100 படங்கள் என்றால் 1,000 எம்.பி. கேமராவின் வைஃபை விநாடிக்கு 2 எம்.பி. வேகத்தில் அனுப்பினால் 500 விநாடிகள், அதாவது எட்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். அதே படங்களைக் கார்டு ரீடரில் போட்டு விநாடிக்கு 60 எம்.பி. வேகத்தில் எடுத்தால் 17 விநாடிகள். ரா என்ற பதப்படுத்தாத வடிவில் எடுத்தால் படம் ஒன்றுக்கு 25 முதல் 30 எம்.பி. ஆகும். அப்போது வைஃபையில் இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும். கேமராவின் பாட்டரியும் அதற்குத் தக்கபடி இறங்கும்.

இதிலிருந்து தெரிவது இதுதான். நாலைந்து படம் உடனே போக வேண்டும் என்றால் வைஃபை லாபம். நூறு, இருநூறு படத்தை மொத்தமாக எடுக்க வேண்டும் என்றால் கார்டு ரீடரே லாபம். அது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு சாமான். செல்போனிலேயே நேராகச் செருகும் டைப்-சி ரீடரும் கிடைக்கிறது.

வேகம் குறைவதற்குக் கடையின் அமைப்பும் காரணம். எண்ணெய் டின் அடுக்கு, இரும்பு ரேக், தகர ஷட்டர் ஆகியவை ரேடியோ அலையைத் தடுக்கும். பின்பக்க குடோனில் படம் எடுத்துவிட்டு முன்பக்கக் கல்லாவில் உள்ள போனுக்கு அனுப்பினால் தாமதமாவது இயற்கை. மேலும் பல கேமராக்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பக்கத்துக் கடைகளின் ரூட்டர்களும் பேசிக்கொண்டிருக்கும். நெருக்கமான கடைத்தெருவில் இதனால் இழுபறி ஏற்படும். 5 கிகாஹெர்ட்ஸ் வசதி உள்ள கேமராவில் அதைத் தேர்ந்தெடுத்தால் நெரிசல் குறையும். ஆனால் அந்த அலை சுவர் தாண்டி அதிக தூரம் போகாது. போனையும் கேமராவையும் ஒரே மேஜையில் வைத்து அனுப்புவதே எளிய வழி.

வந்து சேர்ந்தது முழுப் படமா?

நம் வணிகர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. கம்பியில்லாமல் போனுக்கு வரும் படம், கேமராவில் உள்ள படத்தின் நகல்தான். அந்த நகல் பல சமயம் சிறிதாக்கப்பட்ட நகலாக இருக்கும். படம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் செயலியே அதைச் சுருக்கிவிடும். நிக்கானின் ஸ்நாப்பிரிட்ஜ் செயலியில் 2 மெகாபிக்சலாகச் சுருக்கி அனுப்பும் முறை உண்டு. மற்றக் கம்பெனிகளின் செயலிகளிலும் முழு அளவா, குறைத்த அளவா என்று கேட்கும் இடம் இருக்கும்.

இதனால் என்ன நஷ்டம்? 24 மெகாபிக்சல் படத்தின் அகலம் 6,000 புள்ளிகள். 2 மெகாபிக்சலாகச் சுருக்கினால் அகலம் சுமார் 1,600 புள்ளிகள்தான். லாரியில் உடைந்து வந்த அட்டைப் பெட்டிகளை நீங்கள் படம் எடுத்தீர்கள். ஒரு பெட்டியின் லேபிள் படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். முழுப் படத்தில் அந்த லேபிளுக்கு 600 புள்ளிகள் கிடைக்கும். பாட்ச் எண்ணைப் பெரிதாக்கிப் படிக்கலாம். சுருக்கிய படத்தில் 160 புள்ளிகள்தான் கிடைக்கும். எண் கறுப்புத் திட்டாகத் தெரியும். சரக்கு அனுப்பியவர், "இது என் சரக்குதானா என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

அதன் பிறகு அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். சாதாரண முறையில் அனுப்பினால் அங்கே இன்னொரு முறை சுருங்கும். படத்துக்குள் கேமரா எழுதி வைத்த தேதி, நேரம் முதலிய குறிப்புகளும் நீங்கிவிடும். இதற்கு மாற்று உண்டு. வாட்ஸ்அப்பில் படத்தை டாக்குமெண்ட் என்ற வகையில் இணைத்து அனுப்பினால் அளவு குறையாமல், குறிப்புகளோடு அப்படியே போகும். விலைப்பட்டியலுக்குச் சாதாரண முறை போதும். வழக்கு, நஷ்டஈடு, இன்சூரன்ஸ் சம்பந்தப்பட்ட படத்துக்கு டாக்குமெண்ட் முறைதான் சரி.

சேதாரப் படமும் சட்டமும்

சரக்குச் சேதாரத்தில் படம் மட்டும் போதாது; காலக்கெடுவும் உண்டு. 2007-ஆம் ஆண்டின் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் 16-வது பிரிவுப்படி, சரக்கு புக்கிங் ஆன தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் லாரி நிறுவனத்துக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அப்படிக் கொடுக்காமல் வழக்குத் தொடர முடியாது. புக்கிங் ஆன தேதி என்பதைக் கவனிக்கவும். சரக்கு வந்து சேர்ந்த தேதியிலிருந்து எண்ணக் கூடாது. சரக்கு இறங்கும்போதே படம் எடுத்து, பில்டி நகலோடு சேர்த்து அன்றைக்கே கடிதம் அனுப்பிவிடுவது நல்ல பழக்கம். கம்பியில்லாமல் அனுப்பும் வசதியின் உண்மையான உதவி இங்கேதான். லாரி வாசலில் நிற்கும்போதே படம் சரக்கு அனுப்பியவர் கைக்குப் போய்விடும்.

விஷயம் கோர்ட்டு வரை போனால் வேறொரு நிபந்தனை வருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது அதனுடன் ஒரு சான்றிதழ் வேண்டும் என்கிறது. எந்தக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டது, ஹாஷ் மதிப்பு என்ன என்ற விவரங்கள் அந்தச் சான்றிதழில் வரும். ஹாஷ் மதிப்பு என்பது ஃபைலின் கைரேகை போன்றது. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அது மாறிவிடும். சுருங்கிய நகலின் கைரேகை அசல் படத்தின் கைரேகையோடு ஒத்துப்போகாது. ஆகையால் தகராறு தீரும் வரை கேமராவின் கார்டில் உள்ள அசல் படத்தை அழிக்கக் கூடாது. முடிந்தால் அந்தக் கார்டையே தனியாக எடுத்து உறையில் போட்டு, தேதியும் பில்டி எண்ணும் எழுதிப் பீரோவில் வைத்துவிடலாம். மற்ற விவரங்களை உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளவும்.

கேமராவின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பாட்டரியைக் கழற்றி வெகு நாள் வைத்தால் பல கேமராக்களில் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடும். அந்தத் தேதியோடு எடுத்த சேதாரப் படம் எதிராளிக்குத்தான் சாதகம்.

கம்பெனி கைவிட்டால்?

வைஃபை கார்டு வந்த கதையை மேலே சொன்னோம். அதன் முடிவையும் அறிந்துகொள்வது நல்லது. ஐ-ஃபை கார்டுகளின் பழைய ரகங்கள் அந்தக் கம்பெனியின் சர்வரை நம்பி இருந்தன. 2016 செப்டம்பர் 16-ஆம் தேதியோடு அவற்றுக்கான சேவை நிறுத்தப்படும் என்று கம்பெனி அறிவித்தது. கார்டு நன்றாகவே இருந்தது. கேமராவும் நன்றாக இருந்தது. ஆனால் அதைப் புதிதாக ஒரு கம்ப்யூட்டரோடு சேர்க்க வழியில்லாமல் போனது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, குறைந்த அளவில் வேலை செய்யும் ஒரு மென்பொருளைக் கம்பெனி கொடுத்தது.

இது நமக்கு ஒரு பாடம். பொருள் நம் கையில் இருந்தாலும் அதை ஓட்டும் சாவி பிறர் கையில் இருக்கலாம். பழைய வைஃபை கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டு வந்தால் யோசித்து வாங்குங்கள். வாங்கும் கேமரா எதுவாக இருந்தாலும், கம்பெனியின் செயலி நாளை நின்றுபோனாலும் கார்டைக் கழற்றியும் கேபிள் போட்டும் படம் எடுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டும் சாவியும்

கம்பியில் போகும் படத்தைத் திருட வேண்டுமானால் கம்பியைத் தொட வேண்டும். காற்றில் போகும் படத்துக்கு அது தேவையில்லை. 2019 ஆகஸ்டில் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம், கேனன் ஈ.ஓ.எஸ். 80டி கேமராவுக்குள் வைஃபை வழியாகவே புகுந்து, கார்டில் உள்ள படங்களைப் பூட்டிவிட முடியும் என்று செய்து காட்டியது. கேனன் கம்பெனி அதற்கு மாற்று மென்பொருளை வெளியிட்டது. கேமராவுக்கும் மென்பொருள் புதுப்பிப்பு உண்டு. வருஷத்துக்கு ஒரு முறையாவது பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

பொது இடத்தில் கிடைக்கும் இலவச வைஃபையில் கேமராவை இணைக்கக் கூடாது. கடை வைஃபையின் பாஸ்வேர்டை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் பழக்கம் இருந்தால், கேமராவையும் பில்லிங் கம்ப்யூட்டரையும் அதே இணைப்பில் வைக்காதீர்கள். எஃப்.டி.பி. முறையில் அனுப்புபவர்கள், சாதாரண எஃப்.டி.பி.யில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமலே போகும் என்பதை அறிந்து, பாதுகாப்புடைய எஃப்.டி.பி.எஸ். அல்லது எஸ்.எஃப்.டி.பி. வகை உங்கள் கேமராவில் இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். படம் அனுப்பி முடித்ததும் கேமராவின் வைஃபையை அணைத்துவிட்டால் பாட்டரியும் மிஞ்சும், கவலையும் குறையும்.

கடைக்கு ஏற்ற நடைமுறை

மேலே சொன்னவற்றைத் தொகுத்துக் கடையில் பின்பற்றக்கூடிய முறையாகத் தருகிறோம்.

1. காலையில் கடை திறந்ததும் கேமராவின் தேதி, நேரம், பாட்டரி மூன்றையும் பார்க்கவும்.

2. படம் இறக்க ஒரு போனை ஒதுக்கவும். கல்லா போன் வேண்டாம்.

3. செயலியில் முழு அளவு என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்கவும். விலைப்பட்டியலுக்கு மட்டும் குறைத்த அளவு போதும்.

4. அவசரப் படங்களை வைஃபையில் அனுப்பவும். மீதியை இரவு கடை கட்டும் நேரத்தில் கார்டு ரீடரில் எடுக்கவும்.

5. கம்ப்யூட்டரில் தேதிக்கு ஒரு ஃபோல்டர் போடவும். கேமராக்கள் பெரும்பாலும் படத்துக்கு 9999 வரை எண் கொடுத்துவிட்டு மறுபடி 0001-இலிருந்து தொடங்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டால் புதிய படம் பழைய படத்தின் மேல் ஏறி அதை அழித்துவிடக் கூடும்.

6. கம்ப்யூட்டரில் ஒரு நகல், தனி ஹார்டு டிஸ்கில் ஒரு நகல் என இரண்டு இடத்தில் சேர்ந்ததை எண்ணிப் பார்த்த பிறகே கார்டைத் துடைக்கவும். கார்டில் 86 படம் இருந்தால் ஃபோல்டரிலும் 86 இருக்க வேண்டும். வைஃபை நடுவில் அறுந்து நாலு படம் விட்டுப்போவது சகஜம்.

7. சேதாரப் படங்களைப் பில்டி எண் போட்ட தனி ஃபோல்டரில் வைக்கவும். கணக்கு தீரும் வரை அசலை அழிக்க வேண்டாம்.

சரக்கு வந்தால் மூட்டையை எண்ணி, எடை பார்த்து, பிறகுதான் பில்லில் கையெழுத்துப் போடுகிறோம். கேமராவிலிருந்து வரும் படமும் வரவுச் சரக்குதான். எத்தனை வந்தது, முழு அளவில் வந்ததா என்று சரிபார்த்த பிறகே வரவு வைக்க வேண்டும்.